ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்கு?

வாசகர் கேள்வி – பதில்

வீடு மாறியபின், கல்யாணம் ஆனபின், புதிதாக விசுவாசத்துக்கு வந்தபின் எந்தச் சபையில் சேர்வது என்று கேட்டு வந்த கடிதங்கள் நிறையவே சேர்ந்துவிட்டன. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கத்தோலிக்க வீடுகளில் ‘பங்கு’, ‘பூசை’, ‘திருமுழுக்கு’, ‘உறுதிபூசுதல்’, ‘நற்கருணை’ என்பார்கள். லுத்தரன், மெதடிஸ்ட் வீடுகளில் அவையே ‘சபை’, ‘ஆராதனை’, ‘ஞானஸ்நானம்’, ‘திடப்படுத்தல்’, ‘திருவிருந்து’. கேட்டவர் எப்படிப் பேசுகிறாரோ, பதிலும் அப்படியே.

கேள்வி: ஈப்போவில் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவன் நான். வேலை கிடைத்து, நான்கு மாதமாகச் செந்தூலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வாரம் ஒரு சபை என்று போய்ப் பார்த்துவிட்டேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், 24, செந்தூல்

பதில்: தம்பி, வாரம் ஒரு சபை என்று போனால் எதுவும் ஒட்டாதுதான். முதல் ஞாயிறு யாருக்கும் உங்களைத் தெரியாது. உங்களுக்கும் பாட்டுப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்து ஒரு சபையை எடை போட முடியாது.

இரண்டு சபைகளை, மிஞ்சினால் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்து நான்கு ஞாயிறு போங்கள். நான்கு என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல மெதடிஸ்ட் சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஒரு ஞாயிறு வெளியிலிருந்து பிரசங்கியார் வருவார். இன்னொன்றைப் பெண்கள் சங்கமோ வாலிபர் சங்கமோ நடத்தும். ஒரு மாதம் முழுக்க இருந்தால்தான் அந்தச் சபையின் உண்மையான முகம் தெரியும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, சபை ஆண்டு விழா ஆகிய நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விருந்து நாளில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது தூரம். உங்கள் அறைக் கதவிலிருந்து சபைக் கதவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தைக் கடைசியாக வையுங்கள். 25 கிலோமீட்டர் தள்ளி அருமையான பிரசங்கம் என்று மூன்று மாதம் உற்சாகமாகப் போவார்கள். பிறகு ஒரு ஞாயிறு மழை, அடுத்த ஞாயிறு ஓவர்டைம், அதற்கடுத்த ஞாயிறு தூக்கம். அதோடு, சபை என்பது ஞாயிறு மட்டும் நடப்பதில்லை. வாரநாளில் இரவு எட்டு மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கும். யாராவது ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். துக்க வீட்டில் மூன்று இரவு ஜெபம் இருக்கும். இவற்றுக்கெல்லாம் வேலை முடிந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தால்தான் நீங்கள் அந்தச் சபைக்காரர். உங்களுக்குச் செந்தூலிலேயே தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. கொமியூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம்தான்; அங்கும் தமிழ் மெதடிஸ்ட் சபையும் லுத்தரன் சபையும் உண்டு. பட்டியலை இவற்றிலிருந்து தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆராதனை நேரம் பழையதாக இருக்கலாம். சனிக்கிழமையே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

போனதும் என்ன பார்ப்பது? வாசலில் கையில் கொடுக்கும் ஆராதனைத் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். போன வாரம் எத்தனை பேர் வந்தார்கள், காணிக்கை எவ்வளவு, யார் சுகமில்லாமல் இருக்கிறார்கள், இந்த வாரம் எந்த வீட்டில் ஜெபம், யார் வேதம் வாசிக்கிறார்கள் என்றெல்லாம் அங்கேதான் இருக்கும். வாசிப்பவர், காணிக்கை எடுப்பவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் எல்லாவற்றிலும் அதே மூன்று பெயர்கள் வந்தால், அந்தச் சபையில் வேலை செய்ய ஆள் இல்லை, இருப்பவர்கள் களைத்துப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். அது கெட்டதில்லை, ஆனால் தெரிந்தே சேருங்கள். சுகவீனர் பட்டியலில் பெயரும் வார்டு எண்ணும் போட்டு, யார் போய்ப் பார்க்கிறார்கள் என்றும் இருந்தால் அதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பிரசங்கத்தைக் கேட்கும்போது வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாசித்த பகுதியிலேயே நின்று அதை விளக்குகிறாரா, அல்லது ஒரு வசனத்தைத் தொட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுகிறாரா என்று நான்கு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். கால் மணி நேரம் நில்லுங்கள். பின்பக்க மேசையில் பொரித்த மீஹூன் தட்டும் தே-ஓ பாத்திரமும் இருக்கும். கைத்தடியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு யார் தட்டை எடுத்துப் போய்க் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ் சரளமாக வராத பிள்ளையோடு யார் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பாருங்கள். முதல் வாரம் கைகுலுக்கி வரவேற்பது வாசலில் நிற்பவரின் பொறுப்பு. எல்லாச் சபையிலும் நடக்கும். இரண்டாம் வாரம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. நான்கு ஞாயிறும் முடிந்தபின் ஒரு வாரம் போகாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் போங்கள். ‘போன வாரம் காணோமே’ என்று ஒருவராவது கேட்டால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போதகரை மட்டும் பார்த்துச் சேர வேண்டாம். மெதடிஸ்ட் சபைகளில் நியமனம் ஆண்டு மாநாட்டில் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. இன்றைக்கு இருப்பவர் அடுத்த ஆண்டு வேறு ஊரில் இருக்கலாம். கத்தோலிக்கப் பங்குத்தந்தையர் விஷயமும் இதுதான். இருந்த இடத்தில் இருப்பவர்கள் வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் மக்கள்.

முடிவு செய்தபின், ஞானஸ்நானச் சான்றிதழையும் திடப்படுத்தல் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு புதிய போதகரைப் போய்ப் பாருங்கள். அவர் ஈப்போ சபைக்கு எழுதி மாற்றுக் கடிதம் கேட்பார். அது வந்ததும் அங்கே பெயர் நீங்கி இங்கே ஏறும். இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் வந்து போகிறவர்கள் பலர். சபைக் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாதபோதுதான், அல்லது கல்யாணத்துக்குக் கடிதம் கேட்கும்போதுதான் பிரச்சினை தெரியவரும். அப்போது ஈப்போவில், ‘அவர் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறதே’ என்பார்கள்.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். கணவர் லுத்தரன். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறோம். எங்கள் கல்யாணம் அவருடைய கோயிலில் நடந்தது. குழந்தைக்கு ஏழு மாதம். எங்கே ஞானஸ்நானம் கொடுப்பது? நான் பூசையில் நற்கருணை வாங்கலாமா? எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்கள் கேள்விகளில் கடைசியைத்தான் முதலில் தீர்க்க வேண்டும், தங்கை. கல்யாணத்துக்கு முன் உங்கள் பங்குத்தந்தை வழியாக ஆயரின் அனுமதி பெற்றீர்களா? கத்தோலிக்கர் ஒருவர் வேறு திருச்சபையின் கோயிலில் மணமுடிக்க, கலப்புத் திருமண அனுமதியோடு, கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்து விலக்கும் தேவை. இரண்டும் இருந்தால் உங்கள் திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லும். நற்கருணை வாங்க அந்தக் கல்யாணம் தடையில்லை.

அனுமதி வாங்கவில்லை என்றால், நாட்டுச் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான். அதில் யாரும் கை வைக்க முடியாது. கத்தோலிக்கச் சட்டப்படி மட்டும் அது நிறைவாகவில்லை. இதைச் சரிசெய்வது பலர் பயப்படும் அளவுக்குப் பெரிய காரியம் இல்லை. பங்குத்தந்தை முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு சம்மத வார்த்தையைச் சொன்னால் போதும். மண்டபம், விருந்து, புதுப் பதிவு எதுவும் வேண்டாம். ‘ஒருமுறை சொல்லியாயிற்று, மறுபடி சொல்ல மாட்டேன்’ என்று கணவர் நினைத்தால் அதற்கும் வழி உண்டு. எந்தச் சடங்கும் இல்லாமல், ஆயரின் ஆணையின் மூலமாகவே திருமணத்தைச் செல்லுபடியாக்க முடியும். ஃபாதரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘சனாசியோ’. இது தெரியாமல் பத்து, பதினைந்து வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து நற்கருணைக்கு எழுந்து போகாமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ். உங்களுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதியாக இருக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் பழைய தாள் செல்லாது. நீங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பெரிய பதிவேட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கப்பட்டிருக்கும். புதுப் பிரதியில் அந்தக் குறிப்புகளும் சேர்ந்து வரும். அதைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். சிறு வயதில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் திருமுழுக்குப் பெற்றிருந்தால், பதிவேடு அருகிலிருந்த தாய்ப் பங்கில் இருக்கும். தேட நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

குழந்தைக்கு எங்கே என்பதை நீங்கள் இருவரும் வீட்டில் பேசி முடிக்க வேண்டும். கலப்புத் திருமண அனுமதி கேட்கும்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்கும். கணவரிடம் கையெழுத்து வாங்குவதில்லை. அவருக்குத் தெரியப்படுத்துவார்கள், அவ்வளவுதான். எங்கே கொடுத்தாலும் தண்ணீரில், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கும் ஞானஸ்நானத்தை இரண்டு திருச்சபைகளும் ஏற்கின்றன. இரண்டு பாட்டிமாரையும் திருப்திப்படுத்த இரண்டு இடத்திலும் கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஞானஸ்நானம் ஒரு தடவைதான். இரண்டாவதை மறைத்து வாங்கினால், பிள்ளையின் கல்யாணத்தின்போது இரண்டு பதிவேடுகளும் மேசைக்கு வரும்.

கத்தோலிக்க முறையில் ஞானப் பெற்றோர் உறுதிபூசுதல் பெற்ற, 16 வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். உங்கள் கணவரின் தங்கை அந்த இடத்தில் நிற்க ஆசைப்பட்டால், ஒரு கத்தோலிக்க ஞானப் பெற்றோரோடு சேர்ந்து கிறிஸ்தவச் சாட்சியாக நிற்கலாம். பெயரும் பதிவேட்டில் ஏறும். இதைச் சொன்னால் பாதி வீட்டுச் சண்டை அடங்கிவிடும்.

ஞாயிறு விஷயம். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்ற ஏற்பாடு குழந்தைக்கு நான்கு வயது வரை தாங்கும். அதற்குப் பிறகு தாங்காது. முதல் நற்கருணைக்கான மறைக்கல்வியும் சரி, லுத்தரன் திடப்படுத்தல் வகுப்பும் சரி, தொடர்ந்து வருகிற பிள்ளைகளுக்கானவை. பாதி வாரம் வராத பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் தோழன் கிடைக்க மாட்டான். ஒன்றை வீட்டுக் கோயிலாக வையுங்கள். மற்றதற்குக் குறிப்பிட்ட நாட்களில் குடும்பமாகப் போங்கள். பெரிய வெள்ளி, மாமனார் வீட்டு விசேஷங்கள் போல. கத்தோலிக்கப் பூசையில் உங்கள் கணவர் நற்கருணை வாங்குவதில்லை. கைகளை நெஞ்சின்மேல் குறுக்காக வைத்து வரிசையில் போனால் பெரும்பாலும் ஆசீர்வாதம் தருவார்கள். லுத்தரன் திருவிருந்தில் நீங்கள் வாங்குவதைக் கத்தோலிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வருத்தமான விஷயம்தான். ஆனாலும் 1999-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், மனிதர் இறைவன் முன் நீதிமானாவது கிருபையால்தான் என்ற கூட்டறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. நம் தாத்தா காலத்துச் சண்டையின் வேர் அது. அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். இந்துக் குடும்பம். ஒரு வருடமாகத் தோழியோடு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன், ஆண்டவரை விசுவாசிக்கிறேன். எங்கே ஞானஸ்நானம் எடுப்பது? 16 வயதுத் தங்கையும் எடுக்க வேண்டும் என்கிறாள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.
– வாசகி, 22

பதில்: ஒவ்வொரு சபையிலும் பாதை வேறு, நீளமும் வேறு. கத்தோலிக்கத்தில் புதிதாக வரும் பெரியவர்களை ஆயத்தப்படுத்த ஆர்.சி.ஐ.ஏ. என்ற வகுப்பு உண்டு. வாரம் ஒருமுறை, பல மாதங்கள் நடக்கும். தவக்காலத்தின் முதல் ஞாயிறு ஆயர் முன் தேர்வுச் சடங்கு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் ஆயத்தச் சடங்குகள். உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவு திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே பூசையில். ஆண்டின் நடுவே போனால் அடுத்த ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பழக்கமான இடம் பினாங்கு சாலையின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம், அங்கே விசாரிக்கலாம். லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் போதகரிடம் விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை, கர்த்தருடைய ஜெபம் என்று படித்து, சபையார் முன் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம். மாற்றுத் துணியும் துண்டும் கொண்டுபோங்கள். அடர் நிற உடை போடுங்கள். வெள்ளை நனைந்தால் ஒட்டிக்கொண்டு உள்ளே தெரியும்.

இரண்டாவது வாரமே ‘அடுத்த ஞாயிறு எடுத்துவிடலாம்’ என்று சொல்லும் இடத்தில் நிதானியுங்கள். அவசரமாகக் கொடுக்கும் சபையில் பெரும்பாலும் அதற்குப் பிறகு உங்களோடு உட்கார்ந்து படிக்க ஆள் இருப்பதில்லை. அதைவிட மோசம், தண்ணீரிலிருந்து எழும் படம் அன்று மாலையே ஃபேஸ்புக்கில் ஏறி, உங்கள் சித்தி வழியாக அம்மாவுக்குப் போய்ச் சேரும். படம் எடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

தங்கை விஷயத்தில் சட்டம் தெளிவு. கூட்டரசு அரசியலமைப்பின் 12(4) பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியாமல் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முன்வரும் சபையை அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம். அவள் காத்திருக்கட்டும்.

நீங்கள் 22, உங்கள் முடிவு உங்களுடையது. இருந்தாலும் அம்மாவிடம் ஞானஸ்நானத்துக்கு முன்பே, நீங்களே, வீட்டில் சொல்லுங்கள். தீபாவளிக் காலையிலோ திதி நாளிலோ வேண்டாம். சொல்லுமுன் போதகரிடம் சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: வீட்டில் படைத்த சோற்றைச் சாப்பிடலாமா? அண்ணன் கல்யாணத்தில் நலங்குக்கு நிற்கலாமா? நாளை அப்பாவின் இறுதிச் சடங்கில் எதுவரை நிற்கலாம்? சபைக்குச் சபை பதில் மாறும். அம்மா முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான். ‘என் சாவுக்கு நீ வருவாயா’ என்று கேட்கும் தாயிடம், ‘வருவேன், இன்ன இன்னது செய்வேன்’ என்று திட்டமாகச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத நிலையில் உங்களை வைக்கும் சபை உங்களுக்குச் சரிப்படுமா என்று யோசியுங்கள்.

பெயரை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. சான்றிதழில் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலே இருக்கட்டும்.

கேள்வி: கடைவீட்டு மாடியில் நடக்கும் ஒரு சபைக்குப் போகிறேன். ஆராதனை நன்றாக இருக்கிறது. ஆனால் தசமபாகம் கொடுத்தவர் பெயரை வாசிக்கிறார்கள். போன மாதம் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். இது சரியா?
– வாசகர், பூச்சோங்

பதில்: சரியில்லை. சம்பளச் சீட்டைக் கொடுக்காதீர்கள்.

கடைவீட்டுச் சபைக்குச் செலவு உண்மையாகவே அதிகம். வாடகை, மின்சாரம், போதகர் சம்பளம் எல்லாம் காணிக்கையிலிருந்து போக வேண்டும். பின்னால் பல சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பேராயமோ மாநாடோ கிடையாது. அதனால் பணத்தைப் பற்றிப் பேசுவதைத் தவறென்று சொல்ல மாட்டோம். கணக்கைக் காட்டாமல் பேசுவதுதான் தவறு. நான்கு விஷயங்களை விசாரியுங்கள்.

சபை எந்தப் பெயரில், எங்கே பதிவாகியிருக்கிறது? 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி, 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்குக் கணக்கோடு அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

பணம் யார் கணக்கில் விழுகிறது? வங்கிச் செயலியில் டூயிட்நவ் கியூ.ஆரை ஸ்கேன் செய்ததும், தொகையை உறுதி செய்யுமுன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அங்கே சபையின் பெயர் வர வேண்டும். தனி ஆளின் பெயரோ அவர் மனைவியின் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

காணிக்கைப் பையை யார் எண்ணுகிறார்கள்? ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது சேர்ந்து எண்ணி, தாளில் கையெழுத்திட்டு, தொகையை அடுத்த வாரம் அறிவிப்பதுதான் முறை.

ரசீது தருகிறார்களா? வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், ரசீதில் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத காணிக்கைக்குக் கழிவு கிடைக்காது. அந்தக் குறிப்பு இருந்தாலும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடுதான் உச்சவரம்பு.

எவ்வளவு கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். 2,800 வெள்ளி சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு (இ.பி.எஃப்.) 11%, அதாவது 308 போய்விடும். தசமபாகமான பத்தில் ஒரு பங்கு 280. வாடகை, அம்மாவுக்கு அனுப்புவது, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போக அது உங்களால் முடியுமா என்பது உங்களுக்கும் கர்த்தருக்கும் இடையில் உள்ளது. 2 கொரிந்தியர் 9:7 கட்டாயத்தின்பேரில் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறது. பெயர் வாசிப்பது கட்டாயம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. கடனட்டையை எடுத்து ‘விசுவாசத்தால்’ கொடுக்கச் சொன்னால் அன்றே வேறு சபை தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: பிள்ளைகள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். தமிழ் ஆராதனையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆங்கிலச் சபைக்கு மாறிவிடலாமா? மாமியார் தமிழ் விட்டு வர மாட்டார்.
– வாசகி, பெட்டாலிங் ஜெயா

பதில்: மாறுவதற்கு முன் ஒரே கூரைக்குள் இரண்டு மொழியும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பல கத்தோலிக்கப் பங்குகளில் தமிழ்ப் பூசையும் ஆங்கிலப் பூசையும் வேறு வேறு நேரத்தில் உண்டு. மறைக்கல்வி ஆங்கிலத்தில் நடந்தாலும் குடும்பம் ஒரே பங்கில் இருக்கும். மெதடிஸ்டில் தமிழ் மாநாடு தனி, ஆங்கிலம் பேசும் டிரினிட்டி மாநாடு தனி. சேர்ந்தாற்போல இரண்டும் கிடைப்பது கட்டடத்தைப் பொறுத்தது. சில தமிழ்ச் சபைகள் ஞாயிறு பள்ளியை ஆங்கிலத்திலும் நடத்துகின்றன. அதை முதலில் கேளுங்கள்.

பிள்ளைகள் போனைப் பார்ப்பதற்குக் காரணம் எப்போதும் மொழிதான் என்று சொல்ல முடியாது. நம் வேதாகமத் தமிழ் பழைய தமிழ். ‘விசனம்’, ‘சஞ்சலம்’ எல்லாம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கும் கடினம். அன்றைய வேதப் பகுதியைச் சனிக்கிழமை இரவு பத்து நிமிடம் வீட்டில் அவர்கள் மொழியில் வாசித்துவிட்டு மறுநாள் கூட்டிப்போய்ப் பாருங்கள். கீர்த்தனை பாடும்போது பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். எட்டு வாரம் இப்படிச் செய்தும் பயனில்லை என்றால், பிள்ளைகளுக்கு ஆங்கில ஆராதனையைத் தேர்ந்தெடுங்கள். புரியாத மொழியில் வளர்த்து, பதினெட்டு வயதில் கோயிலையே விட்டுப் போவதைவிட அது மேல். மாமியாரைத் தமிழ் ஆராதனைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை யாராவது ஒருவர் வாரா வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘கிராப் கார் போட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

எந்த மொழியானாலும், பிள்ளைகள் வகுப்பு நடக்கும் அறையை நேரில் போய்ப் பாருங்கள். கதவில் கண்ணாடி இருக்கிறதா, எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம் என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா? 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ‘சபை மானம் போய்விடும்’ என்று மூடி மறைக்கும் பழக்கம் உள்ள இடத்தில் பிள்ளையை விடக் கூடாது.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சுழற்சி முறை வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு வேலையிலேயே போகிறது. எந்தச் சபையிலும் நிலைக்க முடியவில்லை.
– வாசகர், பினாங்கு

பதில்: கத்தோலிக்கர் என்றால் சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறுக் கடமையை நிறைவேற்றும், திருச்சபைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. மற்றச் சபைகளில் வாரநாள் வீட்டுக் கூட்டம் எத்தனை இடத்தில், எந்தெந்த நாளில் நடக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் ஒரே கூட்டம் உள்ள சபை உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவராது. மூன்று நாள் மூன்று இடம் இருந்தால் ஏதாவது ஒன்றுக்குப் போகலாம். மாத ஷிப்டு அட்டவணையைக் கூட்டத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வராத ஞாயிறு ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: வீட்டுக்கு வந்து வேதம் சொல்லித் தருகிறோம் என்கிறார்கள். எந்தச் சபை என்று கேட்டால் சரியாகச் சொல்வதில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டு கேள்வி கேளுங்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்று ஏற்கிறீர்களா? உங்களிடம் ஞானஸ்நானம் பெற்றவரை மற்றத் திருச்சபைகள் மறுபடி கொடுக்காமல் ஏற்றுக்கொள்ளுமா? யெகோவாவின் சாட்சிகளுக்கும் மோர்மன் சபைக்கும் முதல் கேள்வியிலேயே வேறுபாடு இருக்கிறது. அவர்களின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. நம் நாட்டில் கத்தோலிக்க ஆயர்கள், மலேசியத் திருச்சபைகள் மன்றம், சுவிசேஷ ஐக்கியம் ஆகிய மூன்று தரப்பும் 1985-இல் அமைந்த மலேசியக் கிறிஸ்தவச் சம்மேளனத்தில் இருக்கின்றன. உங்களிடம் வருபவரின் சபை இந்த மூன்றில் எதையாவது சேர்ந்ததா என்றும் கேட்கலாம். சேராத நல்ல சிறு சபைகளும் உண்டு. ஆனால் தன் பெயரையே சொல்லத் தயங்கும் சபைக்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. தைப்பிங்கிலிருந்து எங்களோடு ஆயர் ஈத்தாமுக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலி. வாழ்நாள் முழுக்கக் கோயிலை விட்டதில்லை. என்ன செய்வது?
– வாசகர், பினாங்கு

பதில்: ஐயா, கோயிலை முதலில் ஆராதனை இல்லாத ஒரு வாரநாளில் போய்ப் பாருங்கள். வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழைகிறதா என்று அம்மாவின் நாற்காலியைக் கொண்டுபோயே சோதியுங்கள். பழைய ஆலயங்களில் பெரும்பாலும் பக்கவாசல்தான் வசதி. அதன் சாவி யாரிடம் என்று கேட்டு, அவர் எண்ணை வாங்கி வையுங்கள்.

உடனே, அம்மா உடம்பு நன்றாக இருக்கும்போதே, பதிவை மாற்றிவிடுங்கள். கத்தோலிக்கர் என்றால் குடியிருக்கும் பங்கில் குடும்ப அட்டையில் பெயரைச் சேர்த்தால் போதும். மற்றவர்கள் தைப்பிங்கிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்க வேண்டும். பதிவு இருந்தால்தான் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருபவர்களின் பட்டியலில் அவர் பெயர் ஏறும்; பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளி வருவார்கள். வரும் நாளில் சிறு மேசையில் வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவர்த்தி, சிலுவை, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வைத்திருங்கள், தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். விழுங்கச் சிரமம் என்றால் முன்பே சொல்லுங்கள், அப்பத்தில் சிறு துண்டு மட்டும் தருவார்கள்.

அடக்கத்தைப் பற்றியும் அம்மாவிடமே கேட்டு எழுதி வையுங்கள். தைப்பிங்கில் அப்பா பக்கத்திலா, பினாங்கிலா? புதைப்பதா, தகனமா? கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. ஆனால் அஸ்தியை வீட்டில் வைக்கவோ கடலில் கரைக்கவோ கூடாது, புனிதப்படுத்திய இடத்தில் வைக்க வேண்டும். எழுதிய தாளின் ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். சங்கடமான நேரத்தில் எல்லோரும் முதலில் தேடுவது அந்தப் புத்தகத்தைத்தான்.